பலாக்கிளையில் தொங்கிய பெல்ட்

வாசகரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். தீர்ப்புச் சொல்லும் சிரமம் உங்களுக்கு வேண்டாம். அதை என் அம்மா அன்றைக்கே எங்கள் வயல் வரப்பில் நின்று சொல்லிவிட்டார். நான் எனக்குச் சாதகமாக எதையாவது மறைக்கிறேனா, கூட்டிச் சொல்கிறேனா என்று பார்த்துக்கொள்வது மட்டுமே உங்கள் பொறுப்பு. மேடைப் பேச்சாளன் ஒருவன் தன் கதையைச் சொல்லும்போது பக்கத்தில் ஒரு சாட்சி இருப்பது எல்லோருக்கும் நல்லது.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு வைகாசி மாதம். கோடை மழை பெய்து ஓய்ந்திருந்தது. இடம், கொல்லிமலையில் அரியூர் நாடு. மலைமேல் ஊர்த்தொகுதி ஒவ்வொன்றையும் நாடு என்போம். மேட்டில் குச்சிக்கிழங்கும் சாமையும், மரங்களில் மிளகுக் கொடியும், கீழே பள்ளத்தில் நெல் வயலுமாக எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. நான் நாமக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டை முடித்துவிட்டு விடுமுறைக்கு வந்திருந்தேன். படிப்பில் நான் எப்படி என்பது இந்த வழக்குக்குத் தேவையில்லாதது. மேடையில் நான் எப்படி என்பது தேவையானது. நான் எழுந்தால் எதிரணியினர் தண்ணீர் கேட்பார்கள்.

அந்த ஆண்டு கல்லூரிகளுக்கிடையே நடந்த சொற்போரில் “உழவுக்கு உகந்தது மாடா, எந்திரமா?” என்பது தலைப்பு. நான் எந்திரத்தின் பக்கம் நின்று வென்றேன். அதுவரை டிராக்டரைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. தொடாத பொருளைப் பற்றித்தான் தடங்கலின்றிப் பேச முடிகிறது என்பது மேடையின் வசதி. பரிசாகப் போர்த்திய சரிகைச் சால்வையை மடிப்புக் கலையாமல் ஊருக்கு எடுத்து வந்தேன். கூடவே அந்த உரையையும் எடுத்து வந்தேன்.

வீட்டில் அந்த உரைக்குத் தேவை இருந்தது. எங்கள் பக்கத்து இளைஞர்கள் பலரும் ஆழ்துளைக் கிணறு போடும் லாரிகளோடு வெளிமாநிலங்களுக்குப் போய்விட, ஏர் பிடிக்க ஆள் கிடைக்காமல் அப்பா திண்டாடிக்கொண்டிருந்தார். மாடுகளும் முன்போல இல்லை. சால் திரும்பும் இடத்தில் நின்று யோசிக்கத் தொடங்கியிருந்தன. மிளகு கைகொடுத்த ஆண்டு அது. சிறிய டிராக்டர் ஒன்றைப் பழையதாக வாங்கிவிடலாம் என்று நான் முன்மொழிந்தேன். அப்பா கிழங்குக் குச்சிகளை நறுக்கிக்கொண்டே முழு உரையையும் கேட்டார். மேற்கோள்களுக்கு அவர் தலையாட்டவில்லை, முடிவுரைக்கும் கைதட்டவில்லை.

“பேசி முடிச்சுட்டியா சாமி?” என்றார்.

முடித்துவிட்டதாகச் சொன்னேன்.

“செரி. மாடு ரெண்டும் குண்டூர் நாட்டுல உங்க பெரியப்பன் ஊட்டுல இருக்கட்டும். வண்டி நம்ம பள்ளத்த உழுதுருச்சுன்னா அதுக அங்கயே இருந்துக்கட்டும். உழுகலீன்னா மாடு திரும்பி வந்துரும். மாட்டோட நீயும் திரும்பி வந்துரோணும். ஏர் பிடிக்க எனக்கு ஆளில்ல.”

சாட்சியே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். டிராக்டர் தோற்றால் என் கல்லூரியும் தோற்கும், மேடையும் தோற்கும். மைக்கைப் பிடித்த கை மேழியைப் பிடிக்கும். நான் அதற்குச் சிறிதும் கலங்கவில்லை. வென்ற தலைப்பு ஆயிற்றே.

வண்டி இருந்தது மலையடிவாரத்தில், காரவள்ளியில். பெரிய டிராக்டர் வாங்கிவிட்ட ஒரு விவசாயி தம் சின்ன டிராக்டரை ரோட்டவேட்டரோடு விற்க இருப்பதாக என் மச்சான் கேள்விப்பட்டு வந்தார். மச்சான் என்றால் அக்காவின் கணவர். மலைமேல் சந்தைக்குச் சந்தை ஜீப் ஓட்டுபவர். ரோட்டவேட்டர் என்பது டிராக்டரின் பின்னால் மாட்டுகிற, வளைந்த கத்திகள் சுழன்று மண்ணைப் பொடியாக்குகிற கருவி. டிராக்டரின் முதுகிலிருந்து அந்தக் கருவிக்கு வேகத்தைக் கொண்டுபோவது ஒரு சுழலும் இரும்புத் தண்டு. எல்லோரும் அதை ஷாப்ட் என்றே சொல்வார்கள். இந்தக் கதையில் வில்லன் யார் என்று தேடுகிறவர்கள் அந்தத் தண்டை நினைவில் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அதைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த முடியாது. அது தன் வேலையைத்தான் செய்தது.

காரவள்ளியில் மச்சான் முதலில் எஞ்சின் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சில்லென்று இருந்தது. வாங்க வருகிறவர்களுக்காக முன்பே ஓட்டிச் சூடாக்கி வைக்கவில்லை என்பதில் அவருக்குத் திருப்தி. எண்ணெய் பார்த்தார், புகையின் நிறம் பார்த்தார், மேட்டில் ஏற்றிப் பிரேக் பிடித்துப் பார்த்தார். பேட்டரி கிழடு தட்டிவிட்டது, தண்டை நிறுத்தும் லிவர் இறுகிப்போய்விட்டது என்று இரண்டு குறைகளைச் சொன்னார். விற்பவர் ஒன்றையும் மறுக்கவில்லை. ஒருமுறை கிளப்பிவிட்டால் பொழுதுக்கும் ஓடும், இடையில் மட்டும் நிறுத்தாமல் இருந்தால் போதும் என்றார்.

மச்சான் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்த நேரத்தில் நான் பேரத்தைத் தொடங்கினேன். உலக உழவு வரலாற்றிலிருந்து தொடங்கி, வண்டியின் தேய்ந்த டயருக்கு வந்து சேர்வதாகத் திட்டம். வரலாற்றின் பாதியிலேயே அந்த மனிதர் குறுக்கிட்டார்.

“ஏனுங் தம்பி, வண்டி வாங்க வந்தீங்களா, ஓட்டுக் கேக்க வந்தீங்களா?”

இருந்தும் நான் தளரவில்லை. தலைக்கு மேல் நிழல்குடை வேண்டும் என்று வாதாடிப் பெற்றேன். இரட்டைக் குழல் ஹாரன் ஒன்று அவர் பெரிய வண்டியில் பளபளத்துக்கொண்டிருந்தது; அதையும் கேட்டேன். அது மட்டும் முடியாது என்றார். அப்போதுதான் மச்சான் அடியிலிருந்து தலையை நீட்டி, ஷாப்ட்டின் மேல் இருக்க வேண்டிய தகர மூடி எங்கே என்று கேட்டார்.

மூடி வீட்டின் புறக்கடையில் இருந்தது. கவிழ்த்த வாய்க்கால் போன்ற நீண்ட தகரம். அதன் கீழே பரப்பிய வைக்கோலில் ஒரு சிவப்புக் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

“அது இருந்தா கிரீஸ் வெக்கக் கை போகறதில்லீங்க. களட்டி வெச்சனுங்க, கோழிக்குப் புடிச்சுப் போச்சு. குஞ்சு பொரிக்கட்டும், அப்புறம் வந்து எடுத்துக்கங்க” என்றார் விற்பவர்.

மச்சான் என்னைப் பார்த்தார். நான் விற்பவரைப் பார்த்தேன். எதிராளி ஒன்றைத் தர முடியாமல் தவிக்கும் நேரம்தான் இன்னொன்றைக் கேட்க உகந்த நேரம் என்பது நான் மேடையில் கற்ற பாடம். மூடியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் எந்திரத்தில் மூடி மறைக்க ஒன்றும் இல்லை, அதற்குப் பதிலாக அந்த ஹாரனைத் தாருங்கள் என்றேன். அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. நான் வென்றுவிட்டேன். மச்சான் ஏதோ சொல்ல வாயெடுத்து, என் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைப் பார்த்து விட்டுவிட்டார். கோழி என்னை ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துப் பார்த்தது.

மலையேற்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். நான் சக்கரத்து மட்கார்டில் அமர்ந்து, வழியில் எதிர்ப்படும் பேருந்துகளுக்குக் கையசைத்தபடி ஏறுவதாகக் கற்பனை செய்திருந்தேன். மச்சான் ஒரு மரக்கட்டையை என் கையில் கொடுத்தார். பழைய வண்டி வளைவில் பின்னுக்கு உருண்டால் சக்கரத்துக்கு அணை கொடுக்க ஒருவர் கட்டையோடு பின்னால் நடக்க வேண்டுமாம்.

“மட்கார்டுல உக்காந்துக்கறேனுங்க மச்சான், தேவைப்பட்டா குதிச்சு எறங்கிக் கட்டையப் போட்டர்றேன்” என்றேன்.

“அங்க உக்காந்து வந்தவன் குதிச்சு எறங்குனதில்ல மாப்ள. உளுந்துதான் எறங்கியிருக்கறான். நடந்து வா.”

நடந்தேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் கட்டையை வைத்தேன், எடுத்தேன். குரங்குகள் கைப்பிடிச் சுவரில் வரிசையாக அமர்ந்து பார்த்தன. ஒரு பேருந்து எங்களைத் தாண்டும்போது ஜன்னலிலிருந்து கல்லூரித் தோழி ஒருத்தி எட்டிப் பார்த்தாள். சொற்போரில் எதிரணியில் நின்று மாட்டுக்காக வாதாடியவள். பேருந்து அடுத்த வளைவில் மறையும்வரை சிரித்துக்கொண்டே போனாள்.

முதல் உழவுக்கு நாள் குறித்தார்கள். எங்கள் ஊரில் நல்லேர் பூட்டும் நாளில் ஒரு வழக்கம் உண்டு. அன்றைக்குத் தோலால் செய்த எதுவும் வயலுக்குள் இறங்கக்கூடாது. செருப்பு, பை, கயிறு, எதுவானாலும் வரப்போடு நின்றுவிட வேண்டும். மாட்டின் தோல் மாட்டின் மேல் இருந்தால் மட்டுமே வயலுக்குள் அனுமதி. இந்தச் சட்டத்தை டிராக்டருக்கு எப்படிப் பொருத்துவது என்பதில் அம்மாவுக்கு முன்மாதிரி எதுவும் இல்லை. ஆகவே அவரே நேரில் ஆய்வு செய்தார். டயரைத் தட்டிப் பார்த்து, ரப்பர், போகலாம் என்றார். இருக்கையின் மேல் குனிந்து மோந்து பார்த்தார்.

“இது தோலுங்களா மாப்ள?”

ரெக்சின்தான் என்று மச்சான் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். இருக்கையும் தேறியது. எஞ்சின் மூடியின் மேல் மஞ்சள் தெளித்து, பொட்டு வைத்து, எந்திரத்தின் வெற்றிக்காக நான் பெற்ற சரிகைச் சால்வையை எந்திரத்துக்கே போர்த்தினேன். வரப்பில் ஊர் கூடியிருந்தது. தப்பு அடிப்பவர்கள் வந்திருந்தார்கள். எல்லாம் சிறப்பாகப் போய்க்கொண்டிருந்தபோது அம்மாவின் பார்வை என் இடுப்பில் விழுந்தது.

என் இடுப்பில் அகலமான தோல் பெல்ட் ஒன்று இருந்தது. பேச்சாளர்களுக்கு வேட்டி என்பது ஓர் உள்நாட்டு எதிரி. முதலாம் ஆண்டில், ஒரு கூட்டத்தில் கையை உயர்த்திய வேகத்தில் என் வேட்டி முடிச்சு நெகிழ, மீதி உரை முழுவதையும் ஒரே கையால் பேச நேர்ந்தது. அன்று வாங்கிய பெல்ட். அது இல்லாமல் நான் நாலு பேர் முன்னால் நின்றதில்லை.

“கண்ணு, பெல்ட்டக் களட்டி வெய்யி” என்றார் அம்மா.

நான் விவாதத்தைத் தொடங்கினேன். வழக்கத்தின் தோற்றம், நோக்கம், காலமாற்றம் என்று முறையாகச் சென்றேன். என்னிடம் ஒரு பிரம்மாஸ்திரமும் இருந்தது. அதோ நிற்கிற தப்பு எதனால் ஆனது? தோலால்தானே? அதை அனுமதிக்கும் நீங்கள் என் பெல்ட்டை எப்படித் தடுக்கலாம்?

அம்மா தப்புக்காரர்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“தப்பு வரப்புல நிக்குது. நீயும் வரப்புல நில்லு. பெல்ட்டோட நின்னுக்க.”

வரப்பில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் கல்லூரி அளவில் சந்தித்த எந்த மறுப்பும் இத்தனை சுருக்கமாக இருந்ததில்லை. மறுப்புக்கு மறுப்பு தயார் செய்ய எனக்குக் கொஞ்சம் அவகாசம் தேவைப்பட்டது. அதற்குள் அம்மா கையை நீட்டிவிட்டார். என் வாழ்நாளில் முதல்முறையாக, நேர்மையான ஒரு விவாதத்தில், ஊர் முன்னிலையில் தோற்றேன். பெல்ட்டைக் கழற்றி வரப்போரப் பலாமரக் கிளையில் மாட்டினேன். வேட்டியை இரண்டு இழுப்பு இறுக்கிச் செருகிக்கொண்டேன்.

உழவு தொடங்கியது. சின்ன வண்டி பள்ளத்துச் சேற்றில் இறங்கி, ரோட்டவேட்டர் சுழன்று, மண் குழைந்து புரண்டதைப் பார்க்க அழகாகவே இருந்தது. அப்பாவின் முகத்தில் ஒரு தெளிச்சி தெரிந்தது. குண்டூர் நாட்டு மாடுகள் அங்கேயே இருக்கலாம் என்று என் மனம் கணக்குப் போட்டது. இரண்டு சுற்று முடித்து மச்சான் வண்டியை வரப்போரம் கொண்டுவந்து நிறுத்தி, ரோட்டவேட்டரை மேலே தூக்கிவிட்டு, கூழ் குடிக்க இறங்கினார். எஞ்சினை நிறுத்தவில்லை, நிறுத்தினால் கிழட்டுப் பேட்டரி மறுபடி கிளப்பாது. ஷாப்ட்டையும் நிறுத்தவில்லை, அந்த லிவரை விடுவித்தால் மறுபடி போடச் சுத்தியல் வேண்டும். பின்பக்கம் போகாதே என்று மட்டும் என்னிடம் சொல்லிவிட்டுக் கூழ்ச்சட்டியை நோக்கிப் போனார்.

எனக்கோ கண் முன்னால் ஊர். சற்று முன் பட்ட தோல்வி வேறு. சாட்சியே, அந்த ரோட்டவேட்டரின் மேல்தகடு சரியாக ஒரு மேடையின் அகலம் இருந்தது.

ஏறினேன். வண்டிக்கு முதுகும் ஊருக்கு முகமுமாக நின்றேன். எஞ்சின் சத்தத்தை மீறிப் பேச வேண்டியிருந்ததால் குரலை மேல் கட்டையில் எடுத்தேன். என் பின்னால் அந்தத் தண்டு சுழன்றுகொண்டிருந்தது. வேகத்தில் அது சுழல்வதே தெரியவில்லை. அசையாமல் நிற்பது போலத்தான் இருந்தது. முதற்கண், என்றேன். இரண்டாவதாக, என்றேன். பள்ளத்திலிருந்து ஒரு காற்று மேலேறி வந்தது. மூன்றாவதாக, எந்திரம் என்பது மனிதனின் கையில், என்று கையை உயர்த்தினேன்.

பம்பரத்திலிருந்து சாட்டையை உருவுவது போல யாரோ என்னை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். வானமும் பலாமரமும் வரப்பும் ஒரு முறை கடந்து போயின. பிறகு நான் வயலுக்குள், முழங்கால் சேற்றில், நாற்று நட்டது போல நின்றுகொண்டிருந்தேன். இடுப்பில் கோடு போட்ட டிராயர் மட்டும் இருந்தது.

ஒரு வாக்கியத்தை எந்த நிலையிலும் பாதியில் விடக்கூடாது என்பது எனக்குப் பயிற்சி தந்த ஆசிரியரின் முதல் விதி. “அடங்கிய ஆற்றல்” என்று வாக்கியத்தை முடித்தேன்.

மச்சான் கூழ்ச்சட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து எஞ்சினை நிறுத்தும் குமிழை இழுத்தார். அவசரத்தில் அவர் முழங்கை ஹாரனில் பட்டு, நான் வாதாடி வாங்கிய அந்த இரட்டைக் குழல் மலை முழுதும் கேட்க முழங்கியது. வரப்பில் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு பெரியவர், இதுவும் பேச்சில் சேர்த்தி என்று எண்ணிக் கைதட்டினார். அதைப் பார்த்துத் தப்புக்காரர்கள் தப்பை அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அம்மா வண்டியின் மேல் கிடந்த சரிகைச் சால்வையை உருவிக்கொண்டு சேற்றில் இறங்கி, என் இடுப்பில் சுற்றி, குழந்தைக்குக் கட்டுவது போல முடிச்சுப் போட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டேதான் வண்டியின் பின்பக்கம் போனேன்.

என் வேட்டி அந்தத் தண்டில் சுற்றியிருந்தது. குச்சியில் சுற்றிய பஞ்சுமிட்டாய் போல என்று சொல்ல நினைத்தேன். தொட்டதும் அந்த உவமை போய்விட்டது. அது கட்டை போல இறுகியிருந்தது. மச்சான் அரிவாளால் அறுத்தார், சுலபத்தில் அறுபடவில்லை. ஒவ்வொரு சுற்றாக உரித்து எடுத்துக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்தி, பலாமரத்தை நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன். பெல்ட் கிளையில் ஆடிக்கொண்டிருந்தது.

“அது உன் இடுப்புல இருந்திருந்தா, மாப்ள,” என்றார் மெதுவாக, “இப்ப நான் அறுக்கறது துணிய மட்டுமா இருக்காது.”

தப்பு நின்றுவிட்டது. என் இடுப்பைச் சுற்றி வேட்டி உரசிப் போன இடம் எரியத் தொடங்கியது. அப்பா வரப்பில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மச்சானைக் கூப்பிட்டார்.

“குண்டூர் நாட்டுக்கு ஆளனுப்புங்க மாப்ள. மாடு வந்துரட்டும்.”

நான் மறுத்துப் பேசவில்லை. அப்படி ஒரு நிலை எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. அம்மாதான் வரப்பில் ஏறி நின்று தீர்ப்பைச் சொன்னார். தோலை மரத்துல மாட்டுனதால எம் மகன் மண்ணுல நிக்கறான், என்றார் ஊரைப் பார்த்து. சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தத் தண்டைக் கூர்ந்து பார்த்தார்.

“இது இப்புடித் தொறந்துதான் கெடக்குமாங்க மாப்ள? இதுக்கு மூடியே கெடையாதா?”

“இருக்குதுங்க அத்தை” என்றார் மச்சான். என்னைப் பார்த்தார். “காரவள்ளில, கோழி மேல இருக்குதுங்க.”

அப்பா தலையை நிமிர்த்தினார். “கோழி மேலயா?”

ஊர் முன்னிலையில், சரிகைச் சால்வையோடு, மூடியை விட்டுக்கொடுத்து ஹாரனை வென்ற வரலாற்றை நான் சொல்லி முடித்தேன். என் உரைகளில் மிகக் குறைந்த வரவேற்பைப் பெற்றது அதுதான். ஆனால் அப்பா ஒன்று சொன்னார். ஆள் போய் மாடு நடந்து வந்துசேர எப்படியும் நாளாகும். அதற்குள் மூடி வந்து, இறங்கும்போது வண்டியை ஒழுங்காக நிறுத்த முடிந்தால் பார்க்கலாம், இல்லையென்றால் பேச்சு இல்லை என்றார்.

மறுநாள் முதல் பேருந்தில் காரவள்ளிக்கு இறங்கினேன், பேண்ட் அணிந்துகொண்டு. விற்றவரின் மனைவிதான் வீட்டில் இருந்தார். கோழி இன்னும் அடையில் இருந்தது.

“இன்னைக்கோ நாளைக்கோ பொரிச்சுருமுங்க. இப்பக் கெளப்புனா அத்தனையும் கூமுட்டையாப் போயிருமே கண்ணு” என்றார் அவர்.

நியாயமான வாதம். பதிலுக்கு நான் வாதம் எதுவும் வைக்கவில்லை. நடந்ததை மட்டும் சொன்னேன். எந்த வரிசையிலும் சொல்லவில்லை. முன்னும் பின்னுமாக உளறினேன். அவர் பாதியிலேயே எழுந்து போய், பெரிய கூடை ஒன்றைக் கொண்டுவந்தார். இருவருமாகச் சேர்ந்து, கோழி கலையாமல், தகரத்தை உருவிக் கூடையைக் கவிழ்த்தோம். கோழி என் மணிக்கட்டைக் கொத்திய இடத்தில் இரத்தம் வந்தது. என்னை எதிர்த்த யாரிடமும் அத்தனை நியாயம் இருந்ததில்லை என்பதால் பொறுத்துக்கொண்டேன்.

அதற்குள் விற்றவரும் காட்டிலிருந்து வந்துவிட்டார். மனைவி சொல்லக் கேட்டு, உள்ளே போய் மூடிக்கு உரிய போல்ட்டுகளைத் தேடி எடுத்துவந்து கொடுத்தார். பிறகு தம் வேட்டியை ஒருமுறை குனிந்து பார்த்தார். அவருடைய பெரிய டிராக்டரின் மூடியும் கழற்றித்தான் கிடந்தது. அதில் ஆடுகள் தவிடு தின்றுகொண்டிருந்தன. நான் கிளம்பும்போது அவர் அந்தத் தவிட்டைக் கொட்டிக்கொண்டிருந்தார். ஆடுகள் கத்தின.

மச்சான் தம் ஜீப்பின் பேட்டரியைக் கழற்றி டிராக்டரில் வைத்தார். அந்த வாரம் முழுவதும் ஜீப்பைக் கிளப்பப் பயணிகள் தள்ளினார்கள். லிவருக்கு மண்ணெண்ணெய் ஊற்றித் தட்டித் தட்டி, ஒரு விரலால் நகர்த்தும்படி செய்தார். இனிமேல் இறங்கும் முன் ஷாப்ட் நிற்க வேண்டும், எஞ்சின் நிற்க வேண்டும், சாவி சட்டைப்பையில் இருக்க வேண்டும் என்று அம்மா சட்டம் இயற்றினார். மூடியை நானே என் கையால் போல்ட் போட்டு முடுக்கினேன். அதில் ஒரு கோழி இறகு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுக்கத் தோன்றவில்லை.

நாங்கள் மறுபடி வயலில் இறங்கிய காலையில் ஊரும் மறுபடி வரப்பில் கூடியது, மாடுகளும் வந்து சேர்ந்துவிட்டன. பெரியப்பா அவற்றைப் பலாமரத்தில் கட்டினார். என் பெல்ட் தொங்கிய கிளைக்கு நேர் கீழே நின்று, அவை அசைபோட்டுக்கொண்டு வண்டியைப் பார்த்தன. அவற்றின் பார்வைக்கு எதிரில் மச்சான் பள்ளம் முழுவதையும் உழுதார். நான் வரப்பில், வண்டிக்கு எட்டாத தூரத்தில், வாயை மூடிக்கொண்டு நின்றேன். ஒரு மாடு கத்தியபோது, வண்டி நின்றுவிட்டதா என்று எட்டிப் பார்த்தேன்.

உழவு முடிந்து எஞ்சின் நின்றதும் அப்பா சேற்றில் இறங்கினார். ஒரு பிடி அள்ளிக் கையில் பிசைந்து பார்த்தார். தண்டின் மேல் இருந்த மூடியை ஆட்டிப் பார்த்தார், அது அசையவில்லை. மேலேறி வந்து பெரியப்பாவிடம் சொன்னார்.

“வந்தது வந்துட்டீங்க. இருந்து சோறு தின்னுப்போட்டு, மாட்ட ஓட்டிக்கிட்டுப் போங்க.”

என் கல்லூரி பிழைத்த செய்தி எனக்கு இப்படித்தான் அறிவிக்கப்பட்டது.

இன்றும் அந்த வழக்கைப் பற்றி யோசிப்பது உண்டு. அம்மாவின் வழக்கம் வென்றது என்று ஒப்புக்கொள்ள என் உள்ளே இருக்கும் விவாதக்காரன் மறுக்கிறான். அந்த வழக்கம் தோன்றிய காலத்தில் இந்த மலையில் ஷாப்ட் என்ற ஒன்று இல்லை. பெல்ட்டைக் கழற்றச் சொன்ன அம்மாவுக்கும் அதன் காரணம் தெரியாது. வென்றது என் வாதமும் அல்ல. அன்று பெல்ட் பற்றிய விவாதத்தில் நான் ஜெயித்திருந்தால், இதை எழுத ஆள் இல்லை. அவ்வளவுதான் எனக்கு உறுதியாகத் தெரிவது. மேடையில் எப்போதாவது என் பேச்சுக்குப் பலத்த கைதட்டல் எழும்போது, என் கை என்னைக் கேட்காமலே இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறது.

அன்று, பெரியப்பா சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, அப்பா என்னைப் பார்த்து, ரெண்டு வார்த்தை பேசு சாமி, என்றார். வரப்பில் இருந்தவர்கள் ஒரே நேரத்தில் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்கள். பெண்கள் முன்யோசனையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வண்டியை வீட்டுக்கு ஓட்டிப்போக மச்சான் அப்போதுதான் ஏறிக் கிளப்பியிருந்தார். நான் அவரைப் பார்த்து, எஞ்சினை நிறுத்தச் சொன்னேன். அவர் நிறுத்தினார். சாவியை எடுத்து உயர்த்திக் காட்டினார். மாடுகள் அசைபோடும் ஓசை கேட்கும் அளவுக்கு அமைதியானது பள்ளம். தரையில், இரண்டு காலையும் ஊன்றி நின்று, கையை உயர்த்தாமல், நான் சொன்னேன்:

“எஞ்சின் ஓடறப்ப நான் பேச மாட்டேனுங்க. ஷாப்ட் சுத்தறப்ப அதும் பக்கத்துல நிக்க மாட்டேன். வேட்டி கட்டிக்கிட்டு இந்த வண்டிகிட்ட வர மாட்டேன். அந்த மூடிய இனிக் கோழிக்கும் குடுக்க மாட்டேன், ஆட்டுக்கும் குடுக்க மாட்டேன், எத்தனை நல்ல ஹாரனுக்கும் குடுக்க மாட்டேன்.”